ஆர்க்கிட் படத்தின் பச்சை

1. பச்சை நாக்கு

தேவி நாக்கை நீட்டிக் காட்டியபோது நான் சிரித்தேன். பச்சைப் பசேல் என்று இருந்தது. "இன்னாடி, வெத்தல போட்டா எல்லாருக்கும் செவக்கும், உனக்கு மட்டும் பச்சையா கீது?" என்று கேலி செய்தேன். "வெத்தல எங்கக்கா போட்டேன், இது வேல" என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். பிரஷ் முனையை மறுபடி உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு பல நாள் நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மாமல்லபுரத்தில் பிரேம் போடும் கடையில் எனக்கு ரொம்ப வருஷத்து வேலை. சாமிப் படம், கல்யாண போட்டோ, ரிசார்ட் ரூமில் மாட்டுகிற படம் என்று எது வந்தாலும் பீடிங் சட்டம் வெட்டி, படத்தைச் சுற்றி அட்டை மவுண்ட் வைத்து, கண்ணாடி போட்டு, பின்னால் ஹார்ட்போர்டு அடித்து, பிரவுன் டேப் ஒட்டிக் கொடுப்போம். உப்புக் காற்றில் இங்கே எந்தப் படத்துக்கும் ஏதாவது ஒரு சீக்கு வரும். பூஞ்சை பிடிக்கும், கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பூச்சி அரிக்கும். கடையில் மொத்தம் முதலாளி, நான், தேவி. என் பெயர் லில்லி. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், பயம் அதைவிடச் சீக்கிரம் வரும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதச் சொன்னார்கள். பீடிங் வெட்டுவதை யாரும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நான் பயந்த கதையைச் சொல்கிறேன்.

தேவி எங்களிடம் வருவதற்கு முன்னால், டூரிஸ்டுகளுக்குச் சிப்பியிலும் சங்கிலும் படம் வரைந்து விற்கிற இடத்தில் இருந்தவள். பிரஷ் பிடித்தால் தலைமுடி மாதிரி கோடு வரும். கல்யாணமாகி வெகு நாள் குழந்தை இல்லை. உண்டான ஒன்றும் கலைந்துபோனது. அதற்கப்புறம் இது. அப்போது ஐந்தாவது மாதம். அதனால் அவளைக் கண்ணாடி தூக்க விடமாட்டேன். உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலையாகப் பார்த்துக் கொடுப்பேன். அப்படித்தான் அந்தப் படத்தையும் கொடுத்தேன்.

நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் வித்யா மேடம் கொண்டுவந்த படம் அது. இறந்துபோன அவர் அப்பா ஆசையாக வைத்திருந்ததாம். மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்கிற காட்டு ஆர்க்கிட் செடி. நூறு வருஷத்துக்கு மேலே பழசு. கோடு மட்டும்தான் அச்சு, கலர் முழுக்கக் கையால் போட்டது. வெளுத்த ஊதாப் பூக்கள், இதழெல்லாம் பொட்டுப் பொட்டாகப் புள்ளி, காற்றில் தொங்குகிற வேர், கீழே நீளநீளமாக இலைகள். பூக்கள் மங்கிவிட்டிருந்தன, காகிதம் பழுத்துவிட்டது, ஆனால் அந்த இலைகளின் பச்சை மட்டும் நேற்றுப் போட்டது போல இருந்தது. இப்படி ஒரு பச்சையை நான் எந்தக் கடை டப்பாவிலும் பார்த்ததில்லை.

ஒரு இலையைப் பூச்சி சுரண்டி, அந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. "இத மட்டும் டச்சப் பண்ண முடியுமாக்கா?" என்று மேடம் கேட்டார். தேவி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "புதுக் கலர் வெச்சா தனியா தெரியும் மேடம். இதே பச்சைய லேசா நனைச்சி, இழுத்து மூடிடறேன்" என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

நனைத்து இழுக்கிற வேலைக்குப் பிரஷ் ஊசி போல இருக்க வேண்டும். துணியில் துடைத்தால் முனை பிரிந்துவிடும். வாயில் வைத்து உதட்டால் ஒரு இழுப்பு இழுத்தால் கூர் வந்துவிடும். சிப்பிக்குக் கலர் போடுகிறவர்கள், போர்டு எழுதுகிறவர்கள், எனக்குத் தெரிந்து எல்லாருக்கும் அதே பழக்கம்தான். தேவி காலையில் உட்கார்ந்தவள் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் படத்தைத் தொடுவதும் உதட்டில் வைப்பதுமாக அந்த இலையை மூடிவிட்டாள். எது பழைய இடம், எது அவள் மூடிய இடம் என்று எனக்கே தெரியவில்லை.

போனில் வித்யா மேடம். மூச்சு வாங்கப் பேசினார். "அக்கா, அந்தப் பச்சையத் தொட்டுட்டீங்களா? தொடாதீங்க. பழைய படம் சேக்கறவங்க குரூப்ல போட்டோ போட்டேன். அந்தக் காலத்துப் பச்சை சிலதுல ஆர்செனிக் இருக்குமாம். விஷம்க்கா. நம்ம படத்துல இருக்கான்னு பாத்தா தெரியாது, இருக்கலாம்னு சொல்றாங்க. கிளவுஸ் போட்டுக்கங்க, கைய நல்லா கழுவிடுங்க."

தேவியைப் பார்த்தேன். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"மேடம், அது வாய்க்குள்ள போயிருந்தா?" என்று கேட்டேன்.

2. மோர் குடித்தால் சரியாகிவிடும் என்றார் முதலாளி

எங்கள் பக்கத்தில் யாராவது பூச்சி மருந்து குடித்துவிட்டால் சோப்பைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைப்பார்கள். நானும் டப்பாவைப் பிடுங்கி வைத்துவிட்டு, வாளியும் சோப்புமாக ஓடிவந்தேன். போனை வைக்காமல் இருந்த மேடம், தண்ணீர்ச் சத்தம் கேட்டுக் கத்தினார். "வாந்தியெல்லாம் எடுக்க வைக்காதீங்க! வாயக் கொப்பளிக்கச் சொல்லிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. நானும் கெளம்பறேன்." அவர் அன்றைக்குக் கத்தியிருக்காவிட்டால் நான் சோப்புத் தண்ணீரை ஊற்றியே இருப்பேன்.

விஷயத்தைச் சொன்னதும் தேவி அழவில்லை. வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். பச்சை போன பிறகும் நிறுத்தவில்லை. அப்புறம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "அக்கா, புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" என்றாள். எனக்கு என்ன தெரியும்? "ஆவாதுடி" என்றேன்.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து பாதி ஷட்டரை இறக்கினார். "கத்தாத லில்லி, ரோட்ல போறவன்லாம் பாத்துகினு போறான். ரெண்டு கிளாஸ் மோர் வாங்கிக் குடு, சரியாப் பூடும்."

"மோரா? வெசம்ன்றாங்க மொதலாளி!"

"அதான் சொல்றேன். ஆஸ்பத்திரில போயி வெசம்னு வாயத் தொறந்தா போலீஸ் கேஸ் ஆயிடும். ஒரு பொம்பள வெசம் சாப்ட்டான்னா மொதல்ல புருசனப் புடிப்பான், அப்பால நேரா கடைக்கு வருவான். பேஜாரு புடிச்ச வேல. சும்மா இரு."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. பயந்துவிட்டார், அவ்வளவுதான். "நானும்தான் பயந்துகினு கீறேன். ஷட்டரத் தூக்கு மொதலாளி" என்று சொல்லிவிட்டு, தேவியின் புருஷன் குமாருக்குப் போன் போட்டேன். குமார் ஆட்டோ ஓட்டுகிறவன். பேருந்து நிலையத்துப் பக்கம் சவாரிக்கு நின்றிருந்தவன் என்ன ஏது என்று முழுசாகக் கேட்காமலே வந்துவிட்டான்.

செங்கல்பட்டுக்குக் கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் தேவி "நிறுத்து, நிறுத்து" என்று சொல்லி ரோட்டோரம் வாந்தி எடுத்தாள். குமார் வண்டியை விட்டு இறங்கி ஓடிவந்தான். "பச்சையா கீதா பாருக்கா" என்றான். நான் குனிந்து பார்த்தேன். காலையில் தின்ற நாஸ்தா, இட்லிதான். அவளுக்கு ஆட்டோ குலுக்கினாலே குமட்டும். அது தெரிந்தும், மிச்ச தூரம் முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன். பாதியில் வார்த்தை மறந்து போய், ஆரம்பித்த இடத்துக்கே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். "என்ன விஷம்? எவ்வளவு சாப்பிட்டாங்க?" என்று கேட்டார். "படத்துல இருந்தது சார்" என்றேன். "எந்தப் படம்?" என்றார். அவருக்குப் புரிய வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. முதலாளி பயந்ததிலும் பாதி நடந்தது. நர்ஸ் ஒருவர் குமாரை வெளியே போகச் சொல்லிவிட்டு, தேவியின் பக்கத்தில் உட்கார்ந்து, "வூட்ல ஏதாவது சண்டையாம்மா? நீயா எடுத்துகினியா? யாருக்கும் பயப்படாத, சொல்லு" என்று கேட்டார். "அய்யோ, இல்லம்மா, பிரஷ்ல இருந்து" என்று தேவி உதட்டைத் தொட்டுக் காட்டினாள். வெளியே குமார் சுவரோரம் குறுகிப்போய் நின்றிருந்தான். பெண்டாட்டியைக் கொல்லப் பார்த்தவனைப் பார்ப்பது போல நாலு பேர் அவனைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் வித்யா மேடம் வந்து சேர்ந்தார். அவர் டாக்டரிடம் இங்கிலீஷில் எடுத்துச் சொன்ன பிறகு விஷயம் நகர்ந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு கேட்டது. "இப்போதைக்கு ஒண்ணும் தப்பா தெரியல. போயிருந்தாலும் ரொம்பக் கொஞ்சமாத்தான் போயிருக்கும். ஆனா பிரெக்னன்ட்டா இருக்காங்க, சும்மா விட முடியாது. காலையில யூரின் எடுத்து சென்னை லேபுக்கு அனுப்பிடலாம்" என்றார் டாக்டர். அன்றைக்கு அவளை வார்டில் வைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் திருவிடந்தையிலிருந்து தேவியின் அம்மா கேரியரோடு வந்துவிட்டார். மகளைப் பார்த்து அழுதுகொண்டே சோற்றைப் பிசைந்து ஊட்டினார். இறால் தொக்கு. பக்கத்துக் கட்டில்காரிகூடத் தலையைத் திருப்பிப் பார்க்கிற வாசனை. "ரெண்டு வாய்தான் துண்ணியா, இன்னும் துண்ணு, ஒடம்புல தெம்பு வேணும்ல" என்று கேரியரைக் காலி செய்ய வைத்தார். நானும் "சாப்டுடி, சாப்டுடி" என்றேன்.

3. தடித்த எழுத்து

ரிப்போர்ட் வருகிறவரை நான் செய்த ஒரு வேலையும் உருப்படவில்லை. அளவு தப்பாக வெட்டினேன். கண்ணாடியை உடைத்தேன். படத்தை இரண்டு பாலிதீன் கவரில் போட்டு முதலாளி அலமாரியில் பூட்டிவிட்டார். அந்த அலமாரிப் பக்கம் போவதற்கே எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டிலிருந்த தேவிக்குப் பொழுது விடிந்ததிலிருந்து போன் போடுவேன். "புள்ள அசையுதா?"

"இப்பத்தானக்கா கேட்ட."

"இப்ப அசையுதான்னு கேக்கறேன்."

"நீ போன் பண்ணாலே அது பயந்து தூங்கிடுதுக்கா" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிக்கமாட்டாள். அவளும் ராத்திரியெல்லாம் தூங்காமல் வயிற்றில் கை வைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாள் என்று குமார் சொன்னான்.

அந்தக் குமார்தான் ஒருநாள் காலை, நாங்கள் கடை திறக்கும்போதே வந்து நின்றான். ரிப்போர்ட் வந்திருந்த போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "இன்னாக்கா இது? ஒரு நம்பரு மட்டும் தடிச்ச எழுத்துல போட்டுகீது. பக்கத்துல இங்கிலீசுல எச்சுனு கீது. எச்சுன்னா ஜாஸ்தின்னுதான?"

நான் வாங்கிப் பார்த்தேன். இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று ஓரத்தில் போட்டிருந்தது. தடித்த எழுத்து நம்பர் அதைத் தாண்டி எங்கேயோ இருந்தது. அந்த எழுத்துகள் எனக்கு முன்னால் ஆடின. முதலாளி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"உன்ன நம்பித்தானக்கா அனுப்பிச்சேன்" என்றான் குமார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுக்கடையில் நின்று அழுதேன்.

தேவியிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை, நான் போய்ச் சொன்னேன். கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள், நான் சொன்னதைக் கேட்டு அதே துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "போன தடவ மாதிரி ஆயிடுமாக்கா?" என்று கேட்டாள். இந்தத் தடவை "ஆவாது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று மட்டும் சொன்னேன்.

4. "நேத்து இன்னா கொழம்பு?"

இந்த முறை பெரிய டாக்டரம்மா இருந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார், தேவியின் கண்ணை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வயிறு வலிக்கிறதா, பேதி போகிறதா, கால் மரத்துப் போகிறதா என்று வரிசையாகக் கேட்டார். தேவி எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள். டாக்டரம்மாவின் புருவம் சுருங்கிக்கொண்டே போனது. எனக்கு உட்கார முடியவில்லை, நின்றேன்.

"எந்த ஊரும்மா நீ?"

"மாமல்லபுரம். அம்மா வூடு திருவடந்த."

"யூரின் குடுத்ததுக்கு முன்னாடி என்ன சாப்பிட்ட?"

"காலைல எதுவும் துண்ணலம்மா, வெறும் வயிறு."

"அதுக்கு மொத நாள்?"

"எறா தொக்கு."

"அதுக்கு முன்னாடி?"

தேவி யோசித்தாள். "வஞ்சிரம். அதுக்கு முந்தின நாளு நெத்திலிக் கொழம்பு, நண்டும் கொஞ்சம். மாசமா கீறேன்னு அம்மா தெனமும் எதுனா குடுத்தனுப்புவாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "தெனமுமா?" என்று கேட்டுவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "கடல் மீன்லயும் எறாலயும் ஆர்செனிக் இருக்கும்மா. அது வேற மாதிரி, ஒடம்புக்குக் கெடுதல் பண்ணாம ஒண்ணுக்குல போயிடும். ஆனா இந்த டெஸ்ட்டு ரெண்டையும் பிரிச்சுப் பாக்காது, மொத்தமாத்தான் காட்டும். இந்த நம்பரு மீனோடதா, அந்தப் படத்தோடதான்னு இத வெச்சுச் சொல்ல முடியாது. ஒரு வாரம் மீன், எறா, நண்டு, கருவாடு எதுவும் கூடாது. அப்புறம் மறுபடி எடுப்போம்."

குமார் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப ஒண்ணும் இல்லியா டாக்டரம்மா?"

"இல்லன்னு நான் சொல்லலியே. தெரியாதுன்னு சொல்றேன்."

மனிதருக்குக் கொடுக்கிற தண்டனையில் இந்தத் தெரியாது என்பதுதான் பெரிது. ஜாஸ்தி என்றபோதுகூட அழுவதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த ஒரு வாரம் அழவும் முடியாமல், நிம்மதியாக ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் முடியாமல் போனது. தேவியின் அம்மாவுக்கு வேறு கோபம். "வயித்துப் புள்ளக்காரிக்கு ஒரு வாரம் சாம்பாரா? இன்னா டாக்டரு அது?" என்று கேரியரில் மீனை ஒளித்து அனுப்பப் பார்த்தார். நான் அவர் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். அன்றைக்குக் குழம்பு கொதிக்கிற அடுப்புக்கு முன்னால் நின்று, "உன் பொண்ணு உசுரோட வேணும்னா இந்தச் சட்டிய எறக்கு" என்று கத்தினேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சட்டியை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்துதான் அழுதோம்.

ஒரு வாரம் கழித்து மறுபடி யூரின் கொடுத்தாள். மறுபடி காத்திருந்தோம். இரண்டாவது ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தே இல்லை. டாக்டரம்மா, "அளவுக்கு உள்ளதான் இருக்கு, தைரியமா போ" என்றார். போன உயிர் திரும்பி வந்தது. குமார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்ச்சிக்கோக்கா" என்றான். ஆஸ்பத்திரி வாசலில் மூன்று பேரும் டீ குடித்தோம். டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது, நான் ஒரே மூச்சில் குடித்தேன்.

5. பச்சை போட்டவள்

அந்தப் பச்சையில் விஷம் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்க ஏதோ மெஷின் உண்டாம். நான் விஷம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்தேன். கிளவுஸ், மாஸ்க் போட்டு, கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி நடுவில் சந்து விட்டு மவுண்ட் வைத்து, பின்னால் இறுக்கி டேப் ஒட்டினேன். 'பச்சை கலரைத் தொடாதீர்கள், வாயில் படக்கூடாது' என்று பெரிதாக எழுதி ஹார்ட்போர்டின் மேல் ஒட்டினேன். நாளைக்கு இதை வேறு எந்தக் கடையில் யார் பிரிப்பார்களோ?

வித்யா மேடம் வாங்கிக்கொள்ள வந்த அன்று தேவியும் கடையில் இருந்தாள். கண்ணாடிக்குள் இருந்த படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மூடிய இலை அப்போதும் எது என்று தெரியவில்லை.

"இதுக்குக் கலரு போட்டது யாரு மேடம்?"

"கீழ சின்னதா இருக்கே, அது வரைஞ்சவர் பேரு. கலர் போட்டவங்க பேரு எங்கயும் இருக்காது தேவி. பொம்பளைங்களையும் சின்னப் பசங்களையும் வரிசையா உக்கார வெச்சுப் போட வைப்பாங்களாம். ஒருத்தருக்கு ஒரு கலர், அது முடிஞ்சதும் அடுத்தவங்க கைக்குப் போகும்னு படிச்சேன்."

தேவி கண்ணாடிக்கு மேலாக இலையைத் தொட்டாள். "ஒருத்தருக்கு ஒரு கலருன்னா, பச்சை போட்டவ தெனமும் பச்சைதான் போட்டிருப்பா" என்றாள். "பிரஷ்ஷுக்குக் கூரு வேணும்ல மேடம்."

மேடம் தலையாட்டினார்.

"அவளுக்கும் வயித்துல புள்ள இருந்திருக்கும்லக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன்.

தேவிக்குப் பெண் பிறந்து, அது இப்போது தவழ்கிறது. நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். கடைக்கு வருகிற பொருள் எதால் செய்தது என்று தெரியாதவரை அதை விஷம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷையோ, டேப்பையோ, ஆணியையோ வாயில் வைக்காதீர்கள். ஏதாவது உள்ளே போய்விட்டால் மோர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள், வெட்கப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் கடையில் வேலைக்குச் சேருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். லில்லிக்கா ஆரம்பிச்சிட்டாங்க என்று சிரிக்கிறார்கள். பச்சை போட்ட அந்தப் பெண்ணிடம் சொல்ல ஒருத்தரும் இல்லை. உங்களுக்கு நான் இருக்கிறேன், கேட்டுத் தொலையுங்கள்.